கூடுதலாக ஒரு மொட்டை

இலையில் வைத்த பூசணிக்காய்க் கூட்டை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடட்டா கண்ணு?" என்று பரிமாறியவர் கேட்டதற்குச் சமர்த்தாகத் தலையாட்டிய அந்தக் குழந்தையைப் பார்த்தபோதுதான் ராகேஷுக்கு முதன்முதலில் சந்தேகம் வந்தது.

அவன் மகள் தன்விகாவுக்கு மூன்றரை வயது. தயிர் சாதம், உருளைக்கிழங்கு சிப்ஸ் இரண்டையும் தவிர உலகத்தில் சாப்பிடும் பொருள் வேறு இருப்பதாக அவள் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. வீட்டில் பூசணிக்காயை நறுக்க ஆரம்பித்தாலே அடுத்த அறையிலிருந்து "மாட்டேன்!" என்று குரல் வரும். அந்தக் குழந்தையா இது?

குனிந்து முகத்தைப் பார்த்தான். மழமழவென்று மொட்டைத் தலை. தலை முழுக்கச் சந்தனம். அது வழிந்து நெற்றியிலும் கன்னத்திலும் அப்பிக்கிடந்தது. கழுத்தில் முடிச்சுப் போட்ட மஞ்சள் துணி. நிமிர்ந்து பந்தியைப் பார்த்தான். எதிர் வரிசையில் அதே மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தூணோரம் இரண்டு.

"தன்வி?"

குழந்தை நிமிர்ந்தது.

"சோறு போதுமாடா?"

"சரிப்பா."

தன்விகா பிறந்ததிலிருந்து சொல்லாத வார்த்தை அது.

நூம்பல் கன்னியம்மன் ராகேஷின் குலதெய்வம். ஒரு காலத்தில் வயலுக்கு நடுவே இருந்த கோயில். இப்போது மூன்று பக்கமும் அப்பார்ட்மெண்ட், நான்காவது பக்கம் கார் கழுவும் கடை. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் எல்லாரும் கூடி, பிள்ளைகளுக்கு மொட்டையடித்துப் படையல் போடுவார்கள். யார் வீட்டிலாவது சாவுத் தீட்டு வந்துகொண்டே இருந்ததால் மூன்று வருஷமாகத் திருவிழா தள்ளிப்போய்விட்டது. அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைகள் குவிந்துவிட்டன.

அந்தக் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. முடி இறக்கிய பிள்ளைகளுக்குக் கம்மல், வளையல், கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். சாயங்காலம் தீபாராதனை முடியும்வரை புதுத்துணி கிடையாது. ஆணானாலும் பெண்ணானாலும் ஒரே பீஸிலிருந்து கிழித்த மஞ்சள் துணிதான். அம்மன் முன்னால் பங்காளி வீட்டுப் பிள்ளைகளுக்குள் வித்தியாசம் தெரியக்கூடாது என்பது முன்னோர்களின் எண்ணம். எண்ணம் முழு வெற்றி பெற்றிருந்தது.

மொட்டையடித்த பிள்ளைகளைப் போர்வெல் குழாயடியில் பெண்கள் மொத்தமாகக் குளிப்பாட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ராகேஷ் போனில் கம்பெனி சூப்பர்வைசரிடம் மாட்டிக்கொண்டிருந்தான். "யாருப்பா பொண்ணு கொழந்த? இந்தா புடி!" என்று ஈரத்தோடு ஒன்றை யாரோ அவன் கையில் கொடுத்தார்கள். அவனும் பிடித்துக்கொண்டான். பிடித்தது எது என்பதுதான் இப்போது கேள்வி.

அவனையும் ரொம்பக் குற்றம் சொல்ல முடியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. காலையில் அவன் கிளம்பும்போது பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். திரும்பி வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தால் எத்தனை குழந்தைகளுக்கு நடுவிலும் தன் மகளைச் சரியாகக் காட்டிவிடுவான். முடியும் இல்லாமல், கண்ணையும் திறந்துகொண்டு, பூசணிக்காயும் தின்றால் அவன் என்ன செய்வான்?

ஆனால் இன்றைக்குத் தப்பு நடக்கக்கூடாது. அவன் மனைவி ஹேமாவதி பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் வார்டு இன்சார்ஜ் ஆக்குகிறார்கள். அதற்குக் கோயம்புத்தூரில் இரண்டு வாரப் பயிற்சி. நாளைக்கு ரயில்.

"ரெண்டு வாரம் ரெண்டு பேரையும் நீங்க பாத்துப்பீங்களா?" என்று போன வாரம் கேட்டாள்.

"இன்னா ஹேமா, நான் பெத்த புள்ளைங்கதானே?"

"பெத்தது நான்."

ராகேஷ் தலையைச் சொறிந்தான்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு டியூட்டி. திருவிழாவுக்கு நீங்களே தனியா கூட்டிட்டுப் போங்க. சாயங்காலம் நான் வர்றப்ப ரெண்டு பேரையும் முழுசாக் காட்டுங்க. காட்டினா நான் போறேன். இல்லேன்னா முடியாதுன்னு மேடத்துக்குப் போன் பண்ணிடறேன்."

கண்ணாடி முன்னால் நின்று, ஹேமாவதி தன்னைத்தானே "இன்சார்ஜ் சிஸ்டர்" என்று கூப்பிட்டுப் பார்த்ததை ராகேஷ் ஒருநாள் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறான். அவளை எப்படியாவது அனுப்பிவைக்க வேண்டும் என்று அவனுக்கு உண்மையிலேயே ஆசை. தன்னால்தான் அவள் போகவில்லை என்ற பேச்சு வந்தால் அவனால் தாங்க முடியாது.

முதலில் மகனை விசாரித்தான். ஆறு வயது கிஷாந்த் விஷயத்தில் குழப்பமில்லை. முன்பல் இரண்டும் விழுந்த மொட்டை அந்தக் கோயிலில் அவன் ஒருவன்தான். அவனோ தன் அப்பளத்தில் பாதியை உடைத்து அந்தக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். தங்கச்சி கையில் இருப்பதைப் பிடுங்கி மட்டுமே பழக்கப்பட்டவன் அவன். ராகேஷின் சந்தேகம் இன்னும் கொஞ்சம் கெட்டியானது.

"டேய், இது யாருடா?"

"பாப்பா."

"நம்ம பாப்பாவா?"

"ஆமாப்பா."

"நல்லாப் பாத்து சொல்றா. நம்ம பாப்பா மாதிரியா கீது? வேற பாப்பா மாதிரி இல்ல?"

கிஷாந்த் அப்பாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். அவருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று யோசிப்பது போலிருந்தது.

"சரிப்பா. வேற பாப்பாப்பா."

ராகேஷ் குழந்தையின் பக்கம் திரும்பினான். "உன் பேரு தன்விகாவா?"

"சரிப்பா."

"இல்ல, உனுக்கு வேற பேரா?"

"சரிப்பா."

எந்தப் பெற்றவர்களோ அருமையாக வளர்த்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் பொறாமையாகக்கூட இருந்தது.

போனை எடுத்துத் தன்விகாவின் போட்டோ ஒன்றைத் திறந்தான். அதில் அவளுக்கு ரெட்டைக் குடுமி. கட்டைவிரலால் முடியை மறைத்துப் பார்த்தான். இந்தக் குழந்தை மாதிரியும் இருந்தது. எதிர் வரிசைக் குழந்தை மாதிரியும் இருந்தது. இன்னும் கொஞ்சம் மறைத்ததில் மச்சான் ராஜசேகரன் மாதிரியே இருந்தது.

ராஜசேகரன்! அவனை எப்படி மறந்தோம் என்று ராகேஷ் தன்னையே நொந்துகொண்டான். ராஜசேகரன் ஹேமாவதியின் தம்பி. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டையடிக்க வேண்டும் என்பதால் கொரட்டூரிலிருந்து காலையிலேயே வந்துவிட்டான். தலையில் கடைசி முடி விழும்வரை குழந்தையைப் பிடித்திருந்தவன் அவன்தான்.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கிஷாந்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினான். ராஜசேகரன் மின்விசிறிக்கு நேராகப் படுத்திருந்தான்.

"மச்சான், எழுந்திரு. உன் மடில மொட்ட போட்டமே, அந்தக் கொழந்த இதானா?"

ராஜசேகரன் ஒரு கண்ணைத் திறந்தான். "கொஞ்சம் திருப்புங்க மாமா."

"எதுக்கு?"

"என் மடில முதுக காட்டிகினுதானே உக்காந்துச்சு? நான் பாத்ததெல்லாம் பின்னந்தலதான்."

திருப்பிக் காட்டினான். ராஜசேகரன் எழுந்து உட்கார்ந்து, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"அப்ப பாக்கச் சொல்லோ சந்தனம் இல்ல மாமா. அதான் கன்பீஸா கீது. இன்னா விஷயம்?"

"ஒண்ணுமில்ல. அக்காகிட்ட எதுவும் சொல்லாத."

"சொல்லமாட்டேன் மாமா," என்று படுத்தவன், "மச்சம் எதுனா கீதானு பாருங்களேன்," என்றான்.

மச்சம்! தன்விகாவுக்கு ஒரு மச்சம் இருந்தது ராகேஷுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தோளிலா முழங்காலிலா என்பது மட்டும்தான் ஞாபகமில்லை. தெரிந்தவள் ஒருத்திதான். வேறு வழியில்லாமல் ஹேமாவதிக்குப் போன் போட்டான்.

"ஹேமா, ஒண்ணுமில்ல. சும்மாதான். பாப்பாவுக்கு மச்சம் எங்க கீது?"

எதிர்முனையில் ட்ரே ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"இங்க ஒரு ஜோசியர் வந்துகீறாரு. அவர்தான் கேட்டாரு."

"கன்னியம்மன் கோயில்ல ஏது ஜோசியர்?"

"புதுசா வெச்சிருக்காங்க."

"அவளுக்கு மச்சமே கிடையாது. கிஷாந்துக்குத்தான் முதுகுல இருக்கு. என்னங்க ஆச்சு? குழந்தைங்க ரெண்டும் உங்க பக்கத்துலதானே இருக்கு?"

"ரெண்டும் கீது. ரெண்டு கீது," என்றான் ராகேஷ். எண்ணிக்கையைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

"நான் பர்மிஷன் போட்டுட்டு இப்பவே கிளம்பறேன்," என்று ஹேமாவதி போனை வைத்துவிட்டாள்.

குழந்தையின் மஞ்சள் துணியை விலக்கி முன்னும் பின்னும் பார்த்தான். மச்சம் இல்லை. ஆனால் மச்சமில்லாத குழந்தைகள் கோயில் முழுக்க இருந்தார்கள். பூந்தமல்லியிலிருந்து ஷேர் ஆட்டோ கிடைத்தால் நூம்பலுக்கு எவ்வளவு நேரமாகிவிடப் போகிறது?

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"மாட்டேன்! மாட்டேன்! போ! மாட்டேன்!"

தண்ணீர் கேன்களுக்குப் பக்கத்தில், மஞ்சள் துணியோடு ஒரு மொட்டை மண்ணில் புரண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தது. ராகேஷின் காதில் தேன் பாய்ந்தது. இதல்லவா பிள்ளை! பாய்ந்து போய் அதை வாரி எடுத்து இன்னொரு இடுப்பில் வைத்துக்கொண்டான். அது அவன் காதைப் பிடித்து இழுத்து, தோளைக் கடித்தது. ஆனந்தத்தில் அவன் கண்கள் நிறைந்தன.

"அலோ! எம் புள்ளயத் தூக்கிகினு எங்க போறீங்க?"

ஒரு பெண் ஓடிவந்தாள். அவள் பின்னாலேயே அவள் புருஷன் தங்கவேல், கையில் பாயசத் தம்ளரோடு வந்தான். ஆவடிப் பக்கத்துப் பங்காளி. ராகேஷுக்கு அண்ணன் முறை.

"இது உங்க புள்ளதான்னு எப்படி அண்ணி சொல்றீங்க?" என்றான் ராகேஷ். "இன்னிக்கு யாரும் எதையும் அடிச்சு சொல்லமுடியாது. எங்கிட்ட ஒரு கொழந்த மாறி வந்திருச்சு."

"துணியத் தூக்கிப் பாருங்க. அது பையன்."

ராகேஷ் பார்த்தான். பையன்தான். மரியாதையாகக் கீழே இறக்கிவிட்டான். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். தங்கவேல்தான் பாயசத் தம்ளரைக் கீழே வைத்தான்.

"இரு, இரு. தம்பி சொல்றது ரோசனையாத்தான் கீது. நம்ம பையன் சாதுவாச்சே? இது இன்னா இந்த அடம் புடிக்குது?"

"யோவ், நீ என்னிக்கு ஊட்ல இருந்த, அவன் சாதுன்னு தெரிய? தெனமும் இப்படித்தான்."

"இல்லடி, மூக்கப் பாரு. நம்ம வம்சத்து மூக்கா இது?"

"இங்க கீற எல்லாமே உங்க வம்சம்தான்யா!"

அது நியாயமான பேச்சு. ஆனால் அதைக் கேட்க அங்கே யாருக்கும் பொறுமையில்லை. பிள்ளை மாறிவிட்டதாம் என்ற செய்தி குழாயடியைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, பந்தலுக்குள் புகுந்துவிட்டது. அப்பாக்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மொட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் துண்டை நனைத்துச் சந்தனத்தைத் துடைத்தார். அடியில் மஞ்சள் இருந்தது. இன்னொருவர் குழந்தையிடம், "நம்ம வண்டி நம்பர் சொல்லு பாப்போம்," என்று பரீட்சை வைத்துக்கொண்டிருந்தார். அம்மாக்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

இனி மைக் ஒன்றுதான் வழி. பங்காளிகளில் மூத்தவர் பரந்தாமன். காலையில் பிடித்த மைக்கை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை. ராகேஷ் அவரிடம் போய் நின்றான்.

"பெரியப்பா, ஒரு கொழந்த..."

"காணமா?" மைக் வாய்க்கு உயர்ந்தது.

மகளைக் காணவில்லை என்று மைக்கில் சொன்ன பிறகு ஹேமாவதி ரயிலேறுவாளா? ராகேஷ் அவசரமாக மைக்கை மூடினான்.

"சே சே, காணல்லாம் இல்ல பெரியப்பா. எங்கிட்ட வேற ஊட்டுக் கொழந்த ஒண்ணு கூட வந்திருச்சு. அவ்ளோதான்."

பரந்தாமன் தொண்டையைச் செருமினார்.

"பங்காளிகள் கவனத்துக்கு! நம்ம கூட்டத்துல ஒரு மொட்டை கூடுதலா இருக்குது. பொண்ணு. மூணு வயசு இருக்கும். பூசணிக்காய் நல்லா சாப்பிடுது. அவங்கவங்க பிள்ளைங்கள எண்ணிப் பாத்து, கொறச்சலா இருக்கறவங்க மேடைக்கு வரவும்!"

எல்லாரும் எண்ணினார்கள். யாருக்கும் குறையவில்லை. குறையவில்லை என்பதுதான் இன்னும் பீதியைக் கிளப்பியது. அப்படியானால் இந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? கார் கழுவும் கடையிலிருந்து வந்ததா என்று ஒருவர் போய் விசாரித்துவிட்டே வந்தார்.

"எல்லா மொட்டையும் மேடைக்கு வரட்டும்!" என்று பரந்தாமன் முடிவுகட்டினார். "பொண்ணுங்க இடது பக்கம், பசங்க வலது பக்கம்!"

மேடையில் மஞ்சள் துணிகள் வரிசைகட்டி நின்றன. ராகேஷ், தன் இடுப்பிலிருந்த குழந்தையை இறக்காமலேயே, இடது பக்க வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனான். "தன்வி? தன்விம்மா? நீயாடா?" என்று அவன் கேட்கக் கேட்க ஒன்று சிரித்தது, ஒன்று அழுதது, ஒன்று நாக்கை நீட்டியது. தன் பிள்ளையின் முகம் தனக்கே தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டே நடந்தான். வரிசையின் கடைசிக்கு வந்தபோது கண்ணில் தண்ணீர் வந்தேவிட்டது.

அவன் கன்னத்தை ஒரு பிஞ்சுக் கை துடைத்தது. இடுப்பிலிருந்த குழந்தைதான். இந்தக் குழந்தையைத் திருப்பிக் கொடுப்பதும் கஷ்டமாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

"அம்மா!" என்று கத்தியது அது.

பந்தல் வாசலில் ஹேமாவதி நின்றிருந்தாள். வெள்ளை யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். குழந்தை ராகேஷின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டது. ஹேமாவதி குனிந்து தூக்கி, சந்தனத்தைக்கூடப் பார்க்காமல் முத்தம் கொடுத்தாள்.

"என் தன்விக்குட்டி! மொட்டை எவ்வளவு அழகா இருக்கு!"

தங்கவேல் தன் மகனைச் சட்டென்று தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டான். மைக் கொஞ்ச நேரம் கரகரத்தது.

"கூடுதல் மொட்டை கொறஞ்சிடுச்சு," என்று பரந்தாமன் அறிவித்தார். "பாயசம் சாப்பிடாதவங்க சாப்பிடலாம்."

ராகேஷ் மேடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஹேமாவதி பக்கத்தில் வந்தாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியமில்லை.

"மேடத்துக்குப் போன் பண்ணிடு ஹேமா. சொந்தக் கொழந்தய இடுப்புல வெச்சிகினு ஊர் பூராத் தேடினவன் நான். என்ன நம்பி நீ எப்படிப் போவ?"

"நாளைக்கு நான் போறேங்க," என்றாள் ஹேமாவதி.

"இதுக்கப்புறமுமா?"

"தெருமுனையிலேயே மைக்குல கேட்டேன். ஒரு குழந்தை கூடுதலா இருக்குன்னுதானே சொன்னீங்க? குறையலையே. கீழயும் இறக்கி விடலையே." இதைச் சொல்லும்போது அவள் அவனைப் பார்க்கவில்லை. மகளின் துணி முடிச்சைத் தேவையில்லாமல் அவிழ்த்து மறுபடி போட்டாள். "நேரமாச்சு. வாங்க, சாமி கும்பிட்டுட்டுக் கிளம்பலாம்."

கோபமில்லை. திட்டில்லை. கேள்வி கேட்காமல் விடுகிற ஆள் இல்லை ஹேமாவதி. ராகேஷுக்கு அதுதான் விநோதமாக இருந்தது.

"இல்ல ஹேமா, எனுக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். இவ பூசணிக்காய் துண்ணா. ஒரு தடவகூட அழல. ஒரு தடவகூட மாட்டேன்னு சொல்லல. எது கேட்டாலும் சரிப்பா, சரிப்பாங்கறா. இவன் இன்னாடான்னா அப்பளத்துல பாதி குடுக்கறான். இதுங்களுக்கு இன்னாதான் ஆச்சு இன்னிக்கு?"

ஹேமாவதி அவசரமாக மகனைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள். ஆனால் அவன் காலையிலிருந்து நல்ல பிள்ளையாக இருந்து ரொம்பக் களைத்துப்போயிருந்தான்.

"நீ பாஸாவலன்னா அம்மா ஊருக்குப் போவ முடியாதாம்பா," என்றான் கிஷாந்த். "அதான் இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அப்பாவ நீங்க ரெண்டு பேரும் நல்லாப் பாத்துக்கங்கன்னு எங்ககிட்ட சொல்லி அனுப்புனாங்க."